சொல்லிவிட்டு அடித்த மணி

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்ததால் போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒதுங்கினேன். பத்தாம் வகுப்புத் தேர்வு நாள். பிள்ளைகள் வெளியே வந்து, விடைகளை வைத்துச் சண்டை போட்டு, கலைந்துபோய் வெகு நேரமாகியிருந்தது. அப்போது உள்ளே மறுபடியும் மணி அடித்தது. தொங்கும் தண்டவாளத் துண்டில் இரும்பு மோதும் அதே ஓசை. நான் நிமிர்ந்து பார்த்ததும் கடைக்காரர், "ரெண்டாவது மணி சார். உள்ள யாரோ எழுதிகினு இருந்திருக்காங்க" என்றார். அதில் அவருக்கு வியப்பு எதுவும் இல்லை. டீச்சர், அதை உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள் அவை. சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குத் தேர்வில் தனி அறை உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு, கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு என்பதையே பல பள்ளிகள் சுற்றறிக்கையில் படித்ததோடு சரி. நீங்கள் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை பஸ்ஸில் போய், பள்ளி பள்ளியாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வந்த நான் இந்தப் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஆசிரியர்களோடு மணி அடிக்கும் தேவராஜையும் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். அவருக்குப் பெரிய சங்கடம். "எனுக்கு இன்னாத்துக்கு டிரெய்னிங்கு, டீச்சர்? மணின்னா அடிக்கப் போறேன். அதுல இன்னா பாடம் கீது?"

"தெரியல அண்ணே. பார்க்கலாம்" என்றீர்கள். உண்மையிலேயே உங்களுக்கும் அப்போது தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பள்ளி மாணவி ஸ்டெல்லாவையும் வரச் சொல்லியிருந்தீர்கள். காசிமேட்டில் மீன் ஏற்றும் அவள் அப்பா, மகளை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் மெத்தை போட்டுக் கூட்டிவந்தார். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கை எழுதாது. பேச்சு வரும், ஒவ்வொரு சொல்லாக. அந்த வருடம் பத்தாவது எழுத வேண்டும். "குழந்தையை ஏன் அலைக்கழிக்கணும்? நாங்களே பழகிக்கறோமே" என்றார் தலைமையாசிரியர். "பரீட்சை அவளோடது சார்" என்று மட்டும் சொன்னீர்கள்.

தேர்வு ஒத்திகை நன்றாகத்தான் தொடங்கியது. ஸ்டெல்லா சொல்லச் சொல்ல ஒரு ஆசிரியை எழுதினார். அரை மணி நேரம் ஆனதும் வழக்கம்போல் தேவராஜ் மணி அடித்தார். அந்த ஓசையில் ஸ்டெல்லாவின் கை தூக்கிப்போட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டது. உடம்பு விறைத்தது, தாடை இறுகியது. பேச்சு நின்றுபோனது. திரும்பி வர வெகு நேரம் பிடித்தது. திடீர் சத்தம் வந்தால் அவள் உடம்பு அப்படித்தான் செய்யும் என்று விளக்கினீர்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மணி. இப்படியே போனால் கூடுதல் நேரம் முழுவதையும் மணியே தின்றுவிடும்.

உடனே ஆளாளுக்கு ஒரு யோசனை. பின்னால் இருக்கும் பழைய ஆய்வுக்கூடத்துக்கு மாற்றலாம் என்றார் தலைமையாசிரியர். காதில் பஞ்சு வைக்கலாம் என்றார் ஒருவர். அன்றைக்கு மணியே வேண்டாம் என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். "மத்த பசங்களுக்கு நேரம் தெரிய வேணாமா?" என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். நீங்கள் கையை உயர்த்தினீர்கள். "அவ ஏதோ சொல்ல வரா."

காத்திருந்தோம். வெளியே ஒரு கூட்ஸ் வண்டி முழுதாகப் போய் முடிந்தது.

"மணி… எனுக்கும்… வோணும்" என்றாள் ஸ்டெல்லா. "டைம்… தெரிய வோணாவா? சொல்ட்டு… அடிங்க."

"அட, அவ்ளோதானா?" என்று எழுந்தார் தேவராஜ். "மணியவே கயட்டச் சொல்லுவாங்களோன்னு பேஜாராப் பூட்ச்சு எனுக்கு."

சன்னலுக்கு வந்து கை காட்ட வேண்டும், அவள் தலையசைத்த பிறகு போய் அடிக்க வேண்டும் என்று முடிவானது. முதல் முறை அவர் கையைக் காட்டிய வேகத்தில் ஓடிப்போய் அடித்துவிட்டார். மறுபடி விறைப்பு. தெளிந்ததும் அவள், "இன்னாண்ணா… தலையாட்ட… வுட மாட்டியா?" என்றாள். அறையே சிரித்தது, அவள் அப்பாவைத் தவிர. அவர் கண் சன்னலிலேயே இருந்தது. அடுத்த முறை கை லேசாகத்தான் துள்ளியது. பாதியில் நின்ற வாக்கியத்தை அவளே முடித்தாள்.

பொதுத்தேர்வு அன்று உங்களுக்கும் உள்ளே அனுமதியில்லை. நீங்களும் அவள் அப்பாவும் நானும் கேட்டுக்கு வெளியே நின்றோம். உள்ளே நடந்ததைத் தேவராஜ் பிறகு சொன்னார். அவர் சன்னலில் கை காட்டியதைப் பறக்கும் படை அதிகாரி ஒருவர் பார்த்துவிட்டார். விடைக்குச் சைகை என்று நினைத்து தேவராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். தனி அறைக்கும் எழுதுபவருக்கும் உத்தரவு இருந்தது. இந்தச் சைகைக்கு எந்த உத்தரவும் இல்லை.

"சார், மணி நேரம் ஆயிட்ச்சு. சொல்லாம அட்சா அந்தப் பாப்பாவுக்குப் பேச்சு நின்னுபூடும். டிரெய்னிங்குல சொல்லிக்குடுத்தது. என் மேல சந்தேகம்னா நீங்க கை காட்டுங்க. தலையாட்டட்டும். நான் போய் அடிக்கிறேன்."

அதிகாரி அவரைப் பார்த்தார், அறைக்குள் அவளைப் பார்த்தார். பிறகு தானே சன்னலுக்குப் போய்க் கையை உயர்த்தினாராம். ஸ்டெல்லா சிரித்தபடி தலையசைத்தாளாம்.

எல்லோருக்குமான கடைசி மணி அடித்து, கூட்டம் நம்மை இடித்துக்கொண்டு வெளியேறி, தெரு அடங்கியது. நாம் அங்கேயே நின்றோம். வெகு நேரம் கழித்துத் தேவராஜ் வராந்தாவில் நடந்துபோவது கம்பிகளுக்கிடையில் தெரிந்தது. சன்னலருகே நின்றார். திரும்பி வந்தார். மணி அடித்தது.

"என் பொண்ணு ஒருத்திக்காவ அடிக்கிறாங்க பாரு டீச்சர்" என்றார் அவள் அப்பா. அவள் தேறிவிட்டாள் என்று பிறகு எனக்கு போன் செய்து சொன்னீர்கள்.

நீங்கள் இறந்துபோன செய்தியை உங்கள் மகள்தான் போனில் சொன்னாள். "அங்கிள், எங்க இருக்கீங்க? உட்காருங்க. ஒண்ணு சொல்லப் போறேன். சொல்லட்டுமா?" நான் "ம்" சொல்லும்வரை காத்திருந்தாள். யார் வளர்த்த பெண் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

இன்னும் செய்திக்காக அலைகிறேன். எண்ணூரில் கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு, சடையங்குப்பத்தில் வெள்ளம் புகுந்த வீடு என்று எங்கே போனாலும், கனமான கேள்விக்கு முன்னால், "கஷ்டமான ஒண்ணு கேக்கப் போறேம்மா, கேக்கட்டுமா?" என்கிறேன். தலையசைப்புக்குக் காத்திருக்கிறேன். சில இடங்களில் அது வருவதில்லை. நோட்டை மூடிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்து எழுந்து வருகிறேன். தலையசைப்பு வரும் இடங்களில், அவர்களே வாக்கியத்தை முடிக்கிறார்கள்.