பத்துப் பெண்களும் ஒரு பவர் பேங்கும்

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா? ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளை வைத்து நீ நாடகம் போடுவதாகச் சித்தி சொன்னார்கள். பார்க்க வரலாமா? அப்பாவின் அடக்கத்தன்று ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நான் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்காமல் வரப் பயமாக இருக்கிறது.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

யாரும் வரலாம். மணமகனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னியர் கதைதான். ஐந்து பேரிடம் விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துவிடும், மற்றவர்கள் தரமாட்டார்கள். வாங்கி வருவதற்குள் கதவு அடைபட்டுவிடும். தட்டினால், "உங்களைத் தெரியாது" என்று உள்ளிருந்து பதில் வரும்.

இந்தக் காலத்துக்கு மாற்றுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். விளக்கு செல்போன் ஆனது. கல்யாண அழைப்பிதழ் அதில்தான் இருக்கிறதாம். எண்ணெய் பவர் பேங்க். உடனே ஒரு வாயாடி மடக்கினாள். "டீச்சர், பவர் பேங்க்ல ரெண்டு ஓட்டை இருக்கே! ரெண்டு பேரும் சார்ஜ் போடலாமே, ஏன் தரமாட்டாங்க?" கடைசி வசனத்தைப் பேச ஒரு பிள்ளையும் சம்மதிக்கவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஞாயிறு 22, மாலை ஐந்து மணி. சரியாகத் தொடங்கும்.

தங்கை

மார்ச் 14

தங்கச்சி,

அந்த வாயாடியை எனக்குப் பிடித்துவிட்டது. நீயும் அப்பாவை இப்படித்தான் துளைத்தெடுப்பாய். ஆனால் எனக்கு டியூட்டி முடியவே நாலாகும், அப்புறம் பஸ். நீ உள்ளே அந்த வசனத்தைச் சொல்லும்போது நான் வெளியே நின்றுகொண்டிருப்பேன். இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. பிள்ளைகளுக்கு மிட்டாய் அனுப்பியிருக்கிறேன், கொடுத்துவிடு.

அக்கா

மார்ச் 18

என் அக்காவுக்கு,

மிட்டாய் வந்தது. நீயே வந்து கொடு, அதற்கு நான் ஆள் இல்லை.

நேற்று ஒத்திகை. வாயாடி வெளியே நின்று தட்டினாள். விறைப்பாக, "உங்களைத் தெரியாது" என்றேன். வசனத்தை மறந்து அழுதுவிட்டாள். "நீங்கதானே டீச்சர் என்னை ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வந்தீங்க? எப்படித் தெரியாதுன்னு சொல்றீங்க?"

என்னை முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனது யார் அக்கா? கதவைத் திறந்து அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். பிள்ளைகள் மிரண்டுபோனார்கள்.

அப்பா கடைசிவரை உன்னைத்தான் கேட்டார். பக்கத்திலேயே கிடந்தவள் நான். அந்தக் கோபத்தில்தான் அன்று திறக்கவில்லை.

வசனத்தைச் சொல்லத்தான் போகிறேன், வேதத்தில் இருக்கிறதே. ஆனால் சொல்லும்போது நீ உள்ளே, முன்வரிசையில் இருக்க வேண்டும். நாடகத்தை ஏழு மணிக்கு மாற்றிவிட்டேன். பஸ் தாமதமானால் எட்டாகட்டும். நீ வந்து உட்காராமல் தொடங்கமாட்டோம்.

உன் தங்கச்சி