பின்வளவுக் குளத்து மீன்களுக்காக

என் கண்ணிலும் மேலான வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை அடக்கிய மையவாடிப் பக்கமாகப் போகிற ஆண்கள் அங்கே உறங்குகிறவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் கடந்து போகிறார்கள். நம்மூரில் பெண்கள் அங்கே போவதில்லை. அதனால் என் ஸலாம் இந்தக் காகிதத்தில் வருகிறது.

மாமா நேற்று ஹஜ்ஜுக்குப் போய்விட்டார், வாப்பா. போவதற்கு முன் நம் வீட்டுக்கு வந்தார். அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று சாய்ந்தமருது ஊர் முழுக்க இப்போது ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறார்கள். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். ஊர் கதைப்பதைக் கதைக்கட்டும். நடந்ததை நீங்கள் என் வாயால்தான் கேட்க வேண்டும். ஆனால் அதை மட்டும் சொன்னால் போதாது. முதலில் இருந்தே வருகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீங்கள் சவூதியிலிருந்து இடுப்பு முறிந்து வந்தீர்கள். ஓர் அரபியின் தோட்டத்தில் வேலை. பேரீச்ச மரத்தில் ஏறிக் குலை வெட்டும்போது விழுந்துவிட்டீர்கள். மற்றப் பிள்ளைகளின் வாப்பாமாரைப் போல நீங்களும் கசட் ரேடியோவும் கம்பளமும் கொண்டுவந்தீர்கள்தான். ஆனால் பெட்டியைப் பிரித்தபோது நீங்கள் கதைத்ததெல்லாம் அந்தத் தோட்டத்துக் குளத்தைப் பற்றித்தான்.

“அங்க என்னோட கதைக்க ஒரு மனிசரும் இல்ல மகள். பாஷையும் தெரியா. அந்தக் குளத்துல ஜப்பான் மீன் இரிந்திச்சி. கொய் எண்டு பேர். என்ட கால் சத்தம் கேட்டா எல்லாம் கரைக்கு வந்திரும்.”

மீன் என்றால் நம்மூரில் காலையில் தோணியில் வரும், பகலில் கறியாகும். அதைத் தண்ணீரில் விட்டு, தீனி போட்டு, சும்மா பார்த்துக்கொண்டிருப்பதை யார் கண்டது? நீங்கள் வீட்டுக்குப் பின்னால், வளவில் குழி வெட்டத் தொடங்கியபோது கிணறு வெட்டுகிறீர்கள் என்றுதான் அடுத்த வீட்டார் நினைத்தார்கள்.

நம் வளவு கடற்கரை மணல். வெட்ட வெட்டச் சரிந்தது. மணல் மூட்டைகளை அடுக்கித் தாங்குகொடுத்து, ஊறி வந்த தண்ணீரை இறைத்து, கல் வைத்துக் கட்டிச் சீமெந்து பூசினீர்கள். புதுச் சீமெந்தின் காரம் மீனைக் கொன்றுவிடும் என்று வாழைத்தண்டை வெட்டி ஊறப்போட்டீர்கள். அது அழுகி நாறியது. இறைத்துக் கொட்டிவிட்டு மறுபடியும் நிரப்பி, மறுபடியும் ஊறப்போட்டீர்கள். அந்த இடுப்போடு, வாளி வாளியாக. ஒரு பழைய பீப்பாயில் கல்லும் கரியும் மணலும் அடுக்கித் தண்ணீரை வடிய விட்டீர்கள். கொக்கு இறங்காமல் இருக்க மேலே கிழிந்த மீன்வலையைக் கட்டினீர்கள். உம்மா அதைப் பார்த்துச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. மீனைப் பிடிக்கிற வலை அங்கே மீனைக் காத்தது.

மீன்குஞ்சுகளைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தீர்கள். காற்றடைத்த பொலித்தீன் பையை மட்டக்களப்பு ரயிலில் வழிநெடுக மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்களாம். விரல் நீளம்தான் இருந்தன. இரண்டு மூன்று வருடத்தில் முழங்கை நீளத்துக்கு வளர்ந்தன. உடம்பெல்லாம் வெள்ளையாய், நெற்றியில் மட்டும் சிவப்பாய் இருந்த பெரியதைக் ‘கிளி’ என்று கூப்பிட்டீர்கள். என்னையும் அப்படித்தானே கூப்பிடுகிறீர்கள் என்று நான் கோபித்துக்கொண்டபோது, “ரெண்டு பேரும் என்ட கிளிதான்” என்றீர்கள்.

மாமாவுக்கு அந்தக் குளம் முதல் நாளிலிருந்தே கண்ணில் குத்தியது. கல்முனையில் நெல் ஆலை வைத்திருந்தவர், உம்மாவின் கூடப்பிறந்த மூத்த காக்கா, குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். உம்மாவுக்குச் சீதனமாக இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தவரும் அவரே. உங்களை மறுபடியும் சவூதிக்கு அனுப்ப விசாவுக்கு ஒழுங்கு செய்தார். நீங்கள் இடுப்பைக் காட்டி ஏலாது என்றீர்கள். “ஆம்பிளையாப் பொறந்தவன் உழைக்கப் போவான். இவன் என்ட தங்கச்சிட வளவுல குளம் வெட்டி வெளாடுறான்” என்று சந்தையில் நின்று சொன்னார்.

அதையும் தாங்கிக்கொண்டீர்கள். ஒருநாள் ஆலைக்காரர்களோடு வந்தவர் குளத்தடியில் நின்று வெற்றிலையைத் தண்ணீருக்குள் துப்பினார். “மச்சான், அதுக்குள்ள துப்பாதீங்க. அது என்ன, ஒங்கட படிக்கமா?” என்று கேட்டுவிட்டீர்கள். கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. வலையைத் தூக்கி மீன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு என் கல்யாணப் பேச்சு வந்தது. அட்டாளைச்சேனை மாப்பிள்ளை, வாத்தியார் வேலை. நாள் குறிக்க அவர்கள் வருகிற அன்று, கூட்டிக்கொண்டு வர நீங்கள் காலையிலேயே பஸ் ஏறிப் போனீர்கள். வீட்டில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. கோழியும் இருந்தது. மீனுக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை, வாப்பா. நான் அறைக்குள் உடுத்திக்கொண்டிருந்தேன். பின்வளவில் தண்ணீர் அடிபடுகிற சத்தம் கேட்டது. யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் விருந்தாளிகளோடு நேரே முன்மண்டபத்துக்கு வந்து சோறு போட்ட பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தீர்கள். நான் திரைச்சீலை இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். சோற்றின் நடுவில் பெரிய மீன்தலை ஒன்று உங்களைப் பார்க்க வைக்கப்பட்டிருந்தது. மிளகாய்க் குழம்புக்குள்ளும் அந்த நெற்றிச் சிவப்புத் தெரிந்தது. உங்கள் கை சோற்றின் மேல் அப்படியே நின்றது.

மாப்பிள்ளையின் வாப்பா ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். “இது என்ன மீன்? நம்மட கடல்ல இப்பிடி ஒண்டு காணல்லியே.”

“கடல் மீனில்ல” என்றார் மாமா, எல்லோருக்கும் கேட்க. “மச்சான் பின்வளவுல புள்ள மாதிரி வளத்த ஜப்பான் மீன். சம்மந்தி வாறாங்க எண்டு அவரே அறுக்கச் சொல்லிப் போட்டாரு. என்ன மச்சான்?”

நீங்கள் மாமாவைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தீர்கள். பிறகு திரைச்சீலையைப் பார்த்தீர்கள். நான் நின்றது உங்களுக்குத் தெரிந்ததா?

“ஓம்” என்றீர்கள். “தின்னுங்க.”

“தல ஒங்களுக்குத்தான் மச்சான். வளத்த கை.”

மண்டபம் சிரித்தது. நீங்கள் தலையைப் பிட்டு வாயில் வைத்தீர்கள். மெதுவாக மென்றீர்கள். விழுங்கினீர்கள். மறுபடியும் எடுத்தீர்கள். சேற்று வாசம் அடிக்கிறது என்று யாரோ சொன்னதும் மற்றவர்கள் மீனை ஒதுக்கிவிட்டு இறைச்சிக்குப் போனார்கள். நீங்கள் மட்டும் முள்ளு மிஞ்சும் வரை தின்று முடித்தீர்கள்.

அன்று சிரித்தவர்களில் என் மாப்பிள்ளையும் ஒருவர். பொல்லாத மனிதரில்லை, என்னை நன்றாக வைத்திருக்கிறார். கேட்டால் நினைவில்லை என்கிறார். எனக்கு நினைவிருக்கிறது, அந்தச் சிரிப்போடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

உம்மாவிடமும் கேட்டேன். “காக்கா ஒண்டு விடாமப் புடிச்சுக் கொண்டுவந்து குசினியில போட்டாரு. உசிரோட துடிச்சிது. மாப்பிள வீட்டாக்கள் வாற நேரம் நான் என்னத்தக் கதைக்க?” என்றார். செதில் கழற்றியது உம்மாதான். உங்களுக்கு அது தெரியாது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தீர்களா?

விருந்தாளிகளை வான் வண்டி வரை போய் வழியனுப்பிவிட்டு நீங்கள் திரும்பி வந்தபோது நான் முற்றத்தில் நின்று அழுதேன். “ஏன் வாப்பா தின்னீங்க?”

“நான் எழும்பியிருந்தா அவங்களும் எழும்பியிருப்பாங்க மகள்.” அவ்வளவுதான் சொன்னீர்கள்.

பிறகு வண்டில் வண்டிலாக மணல் இறக்கிக் குளத்தை நீங்களே மூடினீர்கள். நம் வீட்டோடு வரப்போகிற புது மாப்பிள்ளைக்குச் சமைக்க வேறு குசினி வேண்டும் என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். அதன் மேலேயே கட்டினீர்கள். என் கல்யாணத்துக்கு அடுத்த மாரியில் காய்ச்சலில் விழுந்தீர்கள். மாமா வந்து கட்டிலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாட்டு நடப்புக் கதைத்தார், நெல் விலை கதைத்தார். அந்த மீனுக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் எழும்பிப் போகும்வரை நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தீர்கள். அந்தக் கிழமையே உங்களை மையவாடிக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போது முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மாமா வந்தார். மெலிந்துவிட்டார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லோரையும் போல வீடு வீடாகப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறார்.

“மகள், தெரிஞ்சும் தெரியாமலும் ஒனக்குச் செஞ்சதெல்லாம் பொறுத்துக்க.”

“என்ட பங்க நான் பொறுத்திட்டன் மாமா.”

அவர் போகவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வாப்பாட பங்கையும் சேத்துச் சொல்லு புள்ள.”

உள்ளேயிருந்து உம்மா விம்மினார். “சொல்லு மகள். மக்கத்துக்குப் போற மனிசன்.”

“வாப்பா கட்டில்ல கெடந்த நேரம் நீங்க பக்கத்துலதானே மாமா இரிந்தீங்க. அப்ப ஏன் கேக்கல்ல?”

அவர் முகம் கறுத்தது. “ஒரு மீனுக்கா புள்ள?”

“ஓம் மாமா. மீனுக்குத்தான்.”

அவர் அழுதார், வாப்பா. அவர் அழுது நான் ஒருநாளும் கண்டதில்லை. எனக்கு இரக்கம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. “அது வாப்பா தரவேண்டியது. என்ட கையில இல்ல. மறுமையில, மஹ்ஷர்ல அவருட்ட நேரே கேளுங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வெளியே போனதும் சாத்தினேன். நேற்று அவரை வழியனுப்பத் தெருவெல்லாம் சனம். உம்மாவும் போனார். நான் போகவில்லை.

அவர் ஹாஜியாராகத் திரும்பி வந்து மறுபடியும் கேட்பார். உம்மா தன் கடைசி நேரத்தில், மௌத்துக் கட்டிலில் கிடந்தும் கேட்பார். வாப்பா, அப்போதும் உங்கள் பெயரால் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. இது என் வாக்கு. மன்னிப்பதும் மன்னியாததும் உங்களுடையது. அதை யாரும் உங்களிடமிருந்து எடுத்துவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்குப் பிறந்த,
ஒரே மகள்.