வாளித் தண்ணீரில் முடியும் பாடம்

ஐயா,

இன்று காலை நான் வகுப்பில் நுழைந்ததும் என் மேசையில் ஆறு போன்கள் வந்து உட்கார்ந்தன. ஒருத்தியும் அனுமதி கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஆறிலும் பதிவு ஓடத் தொடங்கிவிட்டது. "எழுதிக்கிட்டே கேட்டா ஒண்ணும் மண்டைல ஏற மாட்டேங்கு மேடம். வீட்டுல போட்டுக் கேட்டு, பெறவு எழுதிக்கிடுதோம்" என்றாள் முன்வரிசைக்காரி. இதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நல்ல எண்ணத்தில் அல்ல.

இதே பாளையங்கோட்டைக் கல்லூரி, இதே அறை. நான் படித்தபோது நீங்கள் மூச்சுவிடாமல் இலக்கணக் குறிப்புச் சொல்வீர்கள். நாங்கள் கை வலிக்க எழுதுவோம். சாயங்காலம் உவரி பஸ்ஸில் நின்றுகொண்டு நோட்டை விரிக்க முடியாது. அதனால்தான் மீன் விற்கிற அம்மாவின் போனில் உங்கள் குரலைப் பிடித்தேன். திசையன்விளை வரும்வரை காதில் நீங்கள்தான். புணர்ச்சி விதியை உங்களைப் போல் சொல்ல ஆளில்லை. அதை மறுத்தால் என் கோபம் பொய்யாகிவிடும்.

துப்பட்டாவுக்குள் பதிவு ஓடிக்கொண்டிருந்த போனை ஒருநாள் கண்டுபிடித்தீர்கள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? "மீன் நாத்தத்துல கெடந்த மூதிக்கு போனு ஒரு கேடு. கேட்டு எழுதத் தெரியாதவளுக்கு எம்.ஏ. எதுக்கு? பேசாம போயி மீனு வில்லு" என்றீர்கள். அப்படியே வராந்தாவுக்குப் போய், கை கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரில் போனைப் போட்டீர்கள். பிறகு அகமதிப்பெண்ணிலும் கை வைத்தீர்கள். எனக்கு ஒரு வருடம் போயிற்று.

அம்மா அழவில்லை. மெமரி கார்டைக் கழற்றி முந்தானையில் துடைத்து வெயிலில் வைத்தாள். "போனு போனாப் போவுது மக்ளே. அவரு சொன்னது உள்ள இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது, ஐயா. நாற்பது நிமிடப் பாடம், ஒரு நிமிட ஏச்சு, கடைசியில் 'களுக்'கென்று ஒரு சத்தம்.

வருடா வருடம் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். பாடத்தை ஆவலாய்க் குறித்துக்கொள்கிறார்கள். ஏச்சு வந்ததும் பேனாக்கள் நின்றுவிடும். "யாரு மேடம் அந்தப் பிள்ள?" என்று எவளாவது கேட்பாள். "நான்தாம்மா" என்பேன். அதற்குப் பிறகு உங்கள் பெயரை அவர்கள் சொல்லும் விதமே வேறு. அதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

நீங்கள் இறந்து மூன்று மாதம் கழித்து, போன வாரம் உங்கள் மகன் வந்தார். எதிலும் பதிய விடாத மனிதரின் குரல் உங்கள் வீட்டில் ஒரு துளிகூட இல்லையாம். "உங்ககிட்ட இருக்குன்னு பிள்ளைங்க சொல்லுதாங்க" என்றார். முழுவதையும் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா கேக்கணும்னு தவிக்கா. கடைசில உள்ள ஏச்ச மட்டும் வெட்டி எடுத்துட்டு மிச்சத்தக் குடுங்க மேடம்" என்றார்.

இரண்டு நிமிட வேலைதான். முன்வரிசைக்காரி ஒரு நிமிடத்தில் செய்துவிடுவாள்.

வெட்டாமல்தான் தருவேன் என்றேன். அவர் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

உங்கள் மனைவிக்காக மனசு கொஞ்சம் வலித்தது. ஆனாலும் அந்தக் கார்டு இன்னமும் என் கைப்பையில்தான் இருக்கிறது, ஒரு நொடியும் குறையாமல். உங்கள் வீட்டில் இனி உங்கள் குரல் கேட்க வேண்டுமென்றால், என் அம்மாவின் போன் தண்ணீரில் விழும் சத்தத்தையும் அவர்கள் கேட்டே ஆக வேண்டும்.