ஃபியூஸ் இல்லாமல் எரிந்த விளக்கு

நேற்று ஆண்டர்சன்பேட்டையில் நீ வேலை பார்த்த ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். நீ போன பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன் நான். உள்ளே காலை வைத்ததும் அதே வாசனை: புது ரப்பர், கிரீஸ், அட்டைப் பெட்டி, சாமி படத்தடியில் எரிந்து முடிந்த ஊதுபத்தி. ஒரு காலத்தில் இந்த வாசனைதான் சாயங்காலம் உன் புடவையில் ஏறி வீட்டுக்கு வரும். கவுண்டரில் இப்போது புதிதாக ஒரு பெண் இருக்கிறாள். எனக்கு முன்னால் நின்ற லாரிக்காரர் இருபது ஆம்பியர் ஃபியூஸ் கேட்டார். பழையது எத்தனை ஆம்பியர் என்று அவள் கேட்கவே இல்லை. மஞ்சள் ஃபியூஸ் ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டுவிட்டுச் சில்லறை தேடப் போனாள். எனக்குச் சுருக்கென்றது.

நீயாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டாய். எனக்கே கொடுக்கவில்லையே. அப்போது நான் வேறொருவர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஹெட்லைட் ஃபியூஸ் போடப் போடப் போய்க்கொண்டே இருந்தது. பத்து போட வேண்டிய இடத்தில் இருபதைப் போட்டால் தாங்கும் என்று உன்னிடம் வந்து கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "பத்துக்குப் பத்துதாங்க. இருவது வோணும்னா ஃபயர் என்ஜினையும் பின்னால வரச் சொல்லிட்டுப் போங்க" என்றாய். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கோபத்தில் வெளியே வந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் மறுநாள் திரும்பி வந்தபோது, ஃபியூஸ் ஏன் போச்சு என்று பார்த்தீர்களா என்று கேட்டாய். போய்ப் பார்த்தேன். பம்பருக்கு அடியில் ஒயர் நசுங்கிக் கிடந்தது. அதைச் சொல்ல ஒரு தடவை வந்தேன். அப்புறம் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்தேன். உன் அப்பாவிடம் பெண் கேட்டு வந்த அன்று என் சட்டைப்பை நிறைய உன்னிடம் வாங்கிய சிவப்பு ஃபியூஸ்தான், எல்லாம் பத்து ஆம்பியர்.

"ஃபியூஸ் போவறது நல்லதுங்க. போவ வேண்டிய நேரத்துல போவாம இருந்தாத்தான் பயம்." இதை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய். சொந்த லாரி வாங்கி பூதிகோட்டையிலிருந்து தக்காளி ஏற்ற ஆரம்பித்த பிறகு, காலையில் வண்டியைச் சுற்றி ஒரு நடை வராமல் என்னை அனுப்பியதில்லை நீ. டயர், பெல்ட், ஆயில், லைட்டு எல்லாம் பார்த்து, கடைசியில் என் முகத்தையும் பார்த்துத் தூங்கினேனா என்று கேட்பாய். பேட்டரியில் கை வைக்கும் முன் வளையலைக் கழற்றி ஃபுட்போர்டில் வைப்பாய். மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், அதோடு வண்டியில் கரண்டே நின்றுவிடும் என்பாய். தீப்பிடித்த நேரத்தில் டூல்பாக்ஸைத் தேடிக்கொண்டா இருப்பீர்கள் என்று திட்டி, பேட்டரிப் பெட்டியிலேயே ஒரு ஸ்பேனரைக் கட்டித் தொங்கவிட்டாய். நான் கிண்டல் செய்தேன். ஸ்பேனர் அங்கேயே தொங்கியது.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு காரில் போகலாம் என்றால் கேட்கவில்லை, நம் லாரியில்தான் வருவேன் என்றாய். இடது சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு வருவாய். மருந்தின் சூட்டில் உனக்கு வியர்த்துக் கொட்டியது. என் தம்பி அருள் பொறுக்க மாட்டாமல் ஒரு சின்ன ஃபேன் வாங்கி வந்து உன் சீட்டுக்கு மேலே மாட்டினான். அவசரத்தில் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துவிட்டான். கண்ணைத் திறக்கவே தெம்பில்லாத நீ, அந்த ஒயர் போகும் வழியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போய், "இதுக்கு ஃபியூஸ் எங்க தம்பி?" என்று கேட்டாய். நாளைக்குப் போட்டுவிடுகிறேன் அண்ணி என்றான். அதற்கப்புறம் நமக்கு வந்த நாளெல்லாம் ஆஸ்பத்திரி நாளாகவே இருந்தது.

உன்னைக் கொண்டுவந்த அன்று மழை. ஆம்புலன்ஸ் பங்காருபேட்டை தாண்டவே பொழுது சாய்ந்துவிட்டது. மாதா கோயிலில் சாமியார் காத்திருந்தார், உறவுக்காரர்கள் காத்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேராகக் கோயிலுக்குப் போய், அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டோம். அம்மா மட்டும் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாளாம். உன்னை இறக்கி வைக்கக் கூடத்தைத் துடைத்துப் பாய் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பாயை அவள் சுருட்டவே பல நாள் ஆனது.

இனி விளக்கைப் பற்றிச் சொல்கிறேன். நீ படுத்த பிறகு கேபின் விளக்கின் சுவிட்ச் உடைந்துபோய், விளக்கு அணைக்க முடியாமல் எரிந்துகொண்டே இருந்தது. பேட்டரி இறங்குமே என்று அதன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன். அந்த ஃபியூஸில் வேறு எதுவும் ஓடவில்லை. அதனால் விளக்கு செத்துப்போனது. உன்னை அடக்கம் செய்து சில வாரம் கழிந்திருக்கும். ஒரு சாயங்காலம் காலி வண்டியோடு கல்லறைத் தோட்டத்துச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். அந்தச் சாலையின் லட்சணம் உனக்குத் தெரியும். நீ உட்காரும் பக்கத்துச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விளக்கு எரிந்தது.

வண்டியை நிறுத்தினேன். சாவியைக் கையில் எடுத்தேன். அப்போதும் எரிந்தது. மங்கலாக, தூங்கி எழுந்தவள் கண்ணைத் திறப்பதுபோல எரிந்தது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து விரலால் தடவினேன். அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. இடது சீட்டில் தலையணை இன்னும் அப்படியே, உன் தலை அழுத்திய குழியோடு கிடந்தது. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். விளக்கு ஒரு நடுக்கம் நடுங்கியது. என் முழங்கை பேனலில் பட்டிருக்கலாம்.

நம் வீடு இருக்கிற மைசூர் மைன்ஸ் லைனில் லாரி நுழையாது என்பதால், வழக்கம்போலச் சந்து முனை மைதானத்தில் நிறுத்தினேன். பின்னால், சுரங்கத்தில் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலை, சயனைட் மேடு, வெள்ளையாக நின்றது. காற்றில் அந்த மாவு எழுந்து கண்ணாடியெல்லாம் படிந்தது. அதற்குள்ளே விளக்கு மட்டும் தெரிந்தது. அம்மா வாசலிலிருந்து பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் சிலுவை போட்டுக்கொண்டாள். "அணைக்காதடா. அவ இன்னும் வூட்டுக்கு வரல" என்றாள்.

அம்மாவின் கணக்கு அது. ஷிஃப்டுக்குப் போனவர் வீடு திரும்பும் வரை வாசல் விளக்கை அணைக்க மாட்டாள். அப்பா கடைசியாகச் சுரங்கத்தில் இறங்கிய அன்று, அவர் வேலை பார்த்த லெவல் சரிந்து, அவரை மேலே கொண்டுவர மறுநாள் வெயில் ஏறிவிட்டது. பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாம். அவரைக் கூடத்தில் கிடத்திய பிறகுதான் தன் கையால் அணைத்தாளாம். அப்படிப்பட்டவளிடம் போய் நான் என்ன பேச?

விளக்கு தினமும் எரியவில்லை. பனி இறங்கும் காலையில் எரியும். மழை நாளில் எரியும். இங்கே பூமி அவ்வப்போது ஒரு உதறு உதறுமே, தண்ணீர் நிரம்பிய பழைய சுரங்க லெவல்கள் கீழே எங்கோ இடிந்து, அடுப்படியில் பாத்திரம் கிணுகிணுக்குமே, அந்த நேரத்தில் அணைந்திருந்த விளக்கு பளிச்சென்று எரியும். கீழே உயிர் விட்ட மாமனாரும் மேலே வண்டியில் இருக்கிற மருமகளும் பேசிக்கொள்கிறார்கள் என்றாள் அம்மா. நீ உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் வண்டியருகில் வந்து ஜெபம் சொன்னது. யாரோ கண்ணாடியில் மல்லிகைச் சரம் கட்டிவிட்டார்கள். நீ பார்த்திருந்தால் சரம் சிக்கி வைப்பர் மோட்டார் எரிந்துபோகும், எடுங்கள் என்றிருப்பாய்.

எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். ஃபியூஸைப் பிடுங்கியும் விளக்கு எரிகிறது என்று கடையில் ஒருவர் வந்து நின்றபோது, வேறு எந்த ஒயரோ உரசித் திருட்டுத்தனமாகக் கரண்ட் கொடுக்கிறது, வண்டியை எடுக்காமல் மைனஸைக் கழற்றிவிட்டு மறுவேலை பாருங்கள் என்று நீ சொன்னது என் காதில் விழுந்ததுதான். ஆனால் காலையில் கதவைத் திறக்கும்போது அந்த வெளிச்சம் சீட்டின்மேல் விழுந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீ இருக்கிறாய் என்று நம்ப எனக்கும் ஆசையாக இருந்தது.

அருள் வண்டியிலேயே படுக்க ஆரம்பித்தான். அண்ணி துணைக்கு இருக்கிறார்கள், நல்ல தூக்கம் வருகிறது என்றான். இரண்டொரு தடவை, கேபினில் சர்க்கரை கருகுகிற வாசனை வருகிறது என்று சொன்னான். கிறிஸ்துமஸுக்கு நீ பாகு காய்ச்சித் தீய்த்துவிடுவாயே, அந்த வாசனையாம். அம்மா அதற்கும் கண்ணீர் விட்டாள்.

ஒரு நாள் விடியற்காலையில் மேடு தெரியாத அளவுக்குப் பனி. அருளுக்கு டீ எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். விளக்கு எப்போதையும்விடப் பிரகாசமாக எரிந்தது. இடது சீட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலை, தோள், சாய்ந்த முதுகு எல்லாம் தெரிந்தது. டீ கையில் கொட்டியது எனக்கு உறைக்கவில்லை. கிட்டே போகப் போக அந்த உருவம் மெல்ல அசைந்து கூரையைத் தொட்டது. கூரை வரைக்கும் வளர்கிறவளா நீ? அது புகை.

கதவைத் திறந்து அருளின் காலைப் பிடித்து இழுத்தேன். அவன் கண்ணைத் திறக்கவில்லை. மூட்டையைப் போலத் தோளில் விழுந்தான். தரையில் கிடத்தி முகத்தில் அறைந்தேன். இருமினான். அந்த இருமலைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. பேட்டரிப் பெட்டிக்கு ஓடினேன். நீ கட்டிய ஸ்பேனர் கையில் தட்டியது. மைனஸில் மாட்டிவிட்டேன். அப்போது அம்மா சந்தில் ஓடி வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அவ வெளியவே நின்னுருவாடா" என்றாள். கத்தவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அருள் இருமிக்கொண்டிருந்தான். பேனலுக்குள் ஏதோ படபடவென்று பொரிந்தது. நான் சுற்றி ஓடி உன் பக்கத்துக் கதவைத் திறந்தேன். "வூடு வந்துருச்சு, எறங்கு" என்றேன். உனக்கு எப்போதும் சொல்வதுதான். புகை சீட்டைவிட்டு எழுந்து, ஃபுட்போர்டு வழியாகத் தரைக்கு இறங்கி, பனியில் கலந்து சந்துப் பக்கம் போனது. குளிரில் புகை அப்படித்தான் தாழ்ந்து போகும். ஆனால் சீட்டின் ஸ்பிரிங்கும் ஒரு முறை முனகியது. திரும்பி ஓடி மைனஸைக் கழற்றினேன். விளக்கு சிவந்தது, பிறகு இல்லை.

பேனலைப் பிரித்தது மத்தியானம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருள் உனக்காக இழுத்த ஃபேன் ஒயர், தகட்டில் போட்ட ஓட்டை வழியாக ரப்பர் வளையம் இல்லாமல் போயிருந்தது. தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்து, பக்கத்தில் போன விளக்கு ஒயரோடு உரசவைத்திருந்தது. வண்டி குலுங்கினாலும் ஈரம் இறங்கினாலும் கரண்ட் அதில் தாவியிருக்கிறது. நாள்பட நாள்பட ஃபேன் ஒயர் தகட்டிலேயே உரசி, சூடேறிக் கருக ஆரம்பித்திருக்கிறது. வழியில் ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் அன்றைக்கே போயிருக்கும், எல்லாம் அடங்கியிருக்கும். அருள் கருகிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். உனக்குக் காற்று வர இழுத்த ஒயர்தான் இத்தனை நாள் விளக்கையும் எரித்திருக்கிறது. நேற்றுக் கடைக்குப் போனது அந்த ஃபேனுக்கு ஃபியூஸும் ரப்பர் வளையமும் வாங்கத்தான். ஃபேனைக் கழற்ற அருள் விடவில்லை.

விளக்கு அணைந்த பிறகு மூன்று பேரும் சந்தில் நடந்தோம். அருளை நான் தாங்கிப் பிடித்திருந்தேன். அம்மா முன்னால் போனாள். வாசலுக்கு வந்ததும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"வந்துட்டாளா?"

புகை, ஒயர், ஃபியூஸ் எல்லாம் எனக்குத் தெரியும். உன்னைப் பெட்டியில் வைத்து மூடியதும் தெரியும். "வந்துட்டாம்மா" என்றேன்.

அம்மா கையை மேலே நீட்டி, உனக்காக எரியவிட்டிருந்த வாசல் விளக்கை அணைத்தாள். அருளை அழைத்துக்கொண்டு நான் படியில் கால் வைத்தேன். அவள் என் மார்பில் கை வைத்து நிறுத்தி, தானும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள்.

"இரு. அவ மொதல்ல போவட்டும்."

நின்றோம். ஒரு ஆள் நுழைகிற நேரம் நின்றோம். அருள்கூட இருமலை அடக்கிக்கொண்டான். அதன் பிறகு உள்ளே போனோம். அன்றிலிருந்து எந்த வாசலிலும் நான் முதலில் நுழைவதில்லை. வங்கியிலும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் பின்னால் வருகிறவர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும். நீ போன பிறகுதான் நான் போவேன்.