கன்னத்தில் ஏறிய ஆணி

ஏங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரலை. நான் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில நிக்கிறேன்.

நேத்து தோல் மண்டியில, தோலை இழுத்துக் காயப்போடுற சட்டத்து ஆணி கன்னத்துல ஏறினதுக்கு, "இன்னா பெரிய காயம், எறும்பு கடிச்சாப்பல"ன்னீங்க. வெளியே பொட்டு அளவுதான். ஆனா சாயந்திரம் நீங்க வாய் கொப்பளிச்சப்போ, தண்ணி அந்த ஓட்டை வழியா கசிஞ்சுது. ஆணி வாய்க்குள்ள வரைக்கும் போயிருக்கு. அதைச் சொன்னதுக்குத்தான் அத்தனை சண்டை. கத்திக் கத்தி எனக்கும் ஓய்ஞ்சு போச்சு.

உங்க தோஸ்துங்க அப்பின புகையிலையைக் கழுவிட்டேன். திரும்ப எதையும் வெச்சு அடைக்காதீங்க. உப்புத் தண்ணி காய்ச்சி வெச்சிருக்கேன், அதுல கொப்பளிங்க. கஞ்சி மூடி இருக்கு, ஊறுகாய் தொடாதீங்க.

உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர நிசார் பாய் ஜட்கா வண்டி கொண்டு வருவார். சாவியைப் பக்கத்து வீட்டு செல்லம்மாகிட்ட குடுங்க.

தாடை இறுகுதுன்னா கஞ்சிக்கு நிக்காம அப்பவே கிளம்புங்க. ஆம்பூர்ல உங்க கூட வேலை செஞ்ச மாரிக்கு ஆணி குத்தினது கால்லதான். கடைசியில வாயைத் திறக்க முடியாமலே போய்ட்டான்.

ஞானம்

கோபம் தீரலைன்னா என்கூட பேச வேணாம். வந்தா போதும்.