இருநூற்றுப் பன்னிரண்டாம் உறுப்பினரின் வீட்டிலிருந்து

ஜூன் 3

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயாவுக்கு,

வணக்கம். நம் முன்னாள் படைவீரர் சங்கத்தின் 212ஆம் உறுப்பினர், சிக்னல் பிரிவில் இருந்தவர், என் வீட்டுக்காரர். எங்களுடையது இரண்டு அறை வீடு. போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

ஞாயிறுதோறும் பத்து மணிக்கு நீங்கள் உறுப்பினர்களை ஒரே போன் அழைப்பில் சேர்த்து, பெயர் கூப்பிட்டு ரோல்கால் எடுக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். என் பிரசவத்தின்போது இரத்தம் கொடுக்க உங்கள் ஆட்கள் வரிசையில் நின்றதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த அழைப்பு வந்தால், அவர் மொட்டைமாடிக்குப் போய் மதியம்வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார். எட்டு மாதக் குழந்தை படிக்கட்டைப் பார்த்து அழுகிறது. பழையதெல்லாம் கிளறப்படுகிறதோ என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
212இன் மனைவி

ஜூன் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

பெயரை எடுக்க உறுப்பினரின் கையெழுத்து வேண்டும். அது விதி. கூப்பிடாமல் இருக்க விதி ஒன்றும் இல்லை. இந்த ஞாயிறிலிருந்து நிறுத்திவைக்கிறேன்.

குழந்தைக்குச் சளி என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னாரே, தேவலையா? செவ்வாயும் வெள்ளியும் சங்கத்து வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஓட்டுகிறவர் டாங்கி ஓட்டியவர். அந்த வேகத்தில்தான் இதையும் ஓட்டுவார், பயம் வேண்டாம்.

நலம் விரும்பும்,
செயலாளர்

ஜூன் 24

ஐயா,

தப்புப் பண்ணிவிட்டேன்.

முதல் ஞாயிறு ஒன்பதரைக்கே சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யோசித்தால், ஞாயிறுதோறும் அப்படித்தான் இருந்திருக்கிறார். அடுப்படியில் இருந்த நான்தான் கவனிக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு, பக்கத்து வீட்டு போனிலிருந்து எங்கள் நம்பருக்குப் போட்டுப் பார்த்தார். நன்றாக அடித்தது. நேற்று சவரம் செய்யவில்லை. “என்னை விட்டுட்டாங்க போல” என்றார், சுவரைப் பார்த்து. மாடிக்கும் போகவில்லை. முன்பு மதியம் இறங்கி வந்ததும் குழந்தையைத்தான் தூக்குவார். அதுவும் இல்லை.

வரும் ஞாயிறு கூப்பிடுங்கள். லைனில் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

212இன் மனைவி

ஜூன் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

படைக்கே போன் லைன் இழுத்த சிக்னல்காரரிடம் போய் லைன் கோளாறு என்றால் வயிறு குலுங்கச் சிரிப்பார். அது போகட்டும். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் நிறுத்தியது என் தப்பு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோபம் வந்தால் என்னைத் திட்டச் சொல்லுங்கள். சனிக்கிழமை முழுக்க சங்கத்தில்தான் இருப்பேன், சக்கர நாற்காலிகளுக்கு டயர் மாற்றிக்கொண்டு.

இன்னொன்று. உங்கள் கடிதங்களில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று என் மனைவியிடம் சொன்னேன். உறுப்பினர்களின் வீட்டுப் பெண்களுக்கு அவள் தனிப் பட்டியல் வைத்திருக்கிறாள். புதன்கிழமை கூப்பிடுவாள்.

செயலாளர்

ஜூலை 4

அன்புள்ள ஐயாவுக்கு,

வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேன். “அவங்க எல்லார் குரலையும் கேட்டா நெஞ்சு அடைக்கும், நிஜம்தான். மேல போய் உக்காந்தா சரியாயிடும். நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். அந்த ‘நீங்க’வில் என்னையும் சேர்த்தாரா என்று கேட்கத் துணிவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு அவரே உங்களைக் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் திட்டியது உங்களுக்குத் தெரியும். எனக்கு அது காதுக்கு இதமாக இருந்தது. என்னிடம் மட்டும் அளந்துதான் பேசிவந்தார்.

நேற்று உங்கள் வீட்டு அம்மா கூப்பிட்டார்கள். வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்றேன். “சரிம்மா, நீ தூங்கறியா?” என்று கேட்டார்கள். போனோடு சுவரில் சாய்ந்துவிட்டேன். வாசலில் நின்ற இவர் என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டார். தெருவில் இறங்கி, கதவை வெளியிலிருந்து சாத்தினார்.

முக்கால் மணி நேரம் கழித்து, நான் அம்மாவிடம் பேசி முடித்த பிறகுதான் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

அன்புடன்,
அம்மாவின் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவள்