தீமிதிக் கட்டையில் வெந்த நெல்

கியாக்தான், ரங்கூன்
வைகாசி 10

அன்பு மகள் மஞ்சுளாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஒரு மாதம் சேற்றில் நடந்து கால் விரலிடுக்கெல்லாம் வெந்து போனதைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே கிள்ளானில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் ராமும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மாள் கண் பார்க்கட்டும். போனில் பேசலாம் என்றால் நான் ஹலோ சொல்வது உனக்குக் கேட்பதற்குள் கரண்டு போய்விடுகிறது, நீயும் அந்தப் பக்கம் அப்பா அப்பா என்று கத்தி அழுகிறாய், அதனால்தான் கடிதம். பந்தல் கடை மீரா முகைதீன் தன் தங்கையைப் பார்க்கக் கிள்ளானுக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். கூடவே ஒரு வீசை புழுங்கல் அரிசியும் வரும். அங்கே கிடைக்காத அரிசியா என்று சிரிக்காதே, முழுக்கப் படித்துவிட்டுச் சிரி.

மழை வந்தது உனக்குத் தெரியும், எப்படி வந்தது என்று தெரியாது. தண்ணீர்த் திருவிழா முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, சித்திரை மாதம், தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற வெயில், அந்த நேரத்தில் யார் மழையை எதிர்பார்ப்பார்கள், வைகாசி பாதிக்குமேல் வரவேண்டிய மழை. கோடை நெல்லை அறுத்து எல்லோரும் களத்தில் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை மத்தியானம் பிடித்தது, ஐந்து நாள் விடவில்லை. போதாததற்கு ஆற்றில் கடல் ஏற்றம், உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, வெளித் தண்ணீரும் உள்ளே வருகிறது. நம் வீட்டில் கணுக்கால் வரைக்கும்தான், பயப்படாதே, அரிசி டின்னையும் உன் கல்யாணப் படத்தையும் பரணில் ஏற்றிவிட்டோம். என் சைக்கிள் கடையில் மட்டும் முழங்கால் தண்ணீர், ரிப்பேருக்கு வந்த ஏழு சைக்கிளையும் கயிறு போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டேன், பார்த்தவர்கள் எல்லாம் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நம் பக்கத்து வீட்டு டோ மியா யீக்குத்தான் பெரிய அடி. அவள் புருஷன் போன வருஷம் தவறிப் போனதை உனக்குச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு அவளும் மகன் நைங் லின்னும் தாங்களாகவே செய்த முதல் வெள்ளாமை இது. எண்பது கூடை நெல், களத்தில் கிடந்தது அத்தனையும் நனைந்துவிட்டது. தெருவில் இருந்த ஆண்கள் எல்லாம் இடுப்புத் தண்ணீரில் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து நம் கோயில் மண்டபத்தில் சேர்த்தோம், மேடான இடம் அதுதானே. அவளைப் பார்த்து இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் கொண்டு வந்து போட்டார்கள். கொண்டு வந்தால் தீர்ந்ததா, குவியலுக்குள் கையை விட்டால் சுடுகிறது. மறுநாள் காலையில் நெல் முனையில் வெள்ளையாக மூக்கு நீட்ட ஆரம்பித்துவிட்டது. டோ மியா யீ அழவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நிலத்தை விட்டுவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு லைங் தாயாவுக்குப் போகிறேன், தையல் ஆலையில் ஆள் எடுக்கிறார்களாம், விதைக்கும் சோற்றுக்கும் இந்த நெல்லைத்தான் நம்பியிருந்தேன், இனி இங்கே என்ன இருக்கிறது என்று உன் அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னாள். உனக்குப் பேறுகாலம் சிக்கலான போது நம் வீட்டில் பதினைந்து நாள் அடுப்பு எரிந்ததா இல்லையா என்று பார்த்துப் பார்த்துச் சோறு கொண்டு வந்தவள் அவள்.

உன் அம்மா அந்தக் குவியலில் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தாள். அப்புறம் திரும்பி, இன்றைக்கே புழுக்கினால் பிழைக்கும், நாளைக்கு என்றால் வாத்துக்குத்தான் என்றாள். பெகு பக்கத்துப் பெண் அல்லவா, அவள் பிறந்த வீட்டில் புழுங்கல் தவிர வேறு அரிசி உலையில் ஏறாது. வேக வைத்துவிட்டால் முளை செத்துப்போகும், உமிக்குள் அரிசி கெட்டிப்படும், அப்புறம் பரப்பிவிட்டு நாலு நாள் வெயிலுக்குக் காத்திருக்கலாம். பர்மாக்காரர்கள் பச்சரிசிதான் சாப்பிடுவார்கள், இந்த வேலை அவர்களுக்குத் தெரியாது. ஊறவைக்கிற வேலையை மழையே முடித்துவிட்டது, பெரிய அண்டாவும் காய்ந்த விறகும்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு என் இடுப்பைப் பார்த்தாள். கோயில் சாமான் அறைச் சாவி என் அரைஞாணில்தானே தொங்குகிறது.

காய்ந்த விறகு ஊரிலேயே அந்த ஒரு அறையில்தான் இருந்தது. அது தீமிதிக் கட்டை. வேண்டுதல்காரர்கள் ஒவ்வொருவரும் மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிக் கொண்டு வந்து வைத்த புளியங்கட்டை, அக்கினிக்குழியைத் தவிர வேறு அடுப்பு அதைப் பார்க்கக் கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன் மஞ்சுளா. மறைத்து என்ன பிரயோசனம். அண்டாவை எடுத்துக்கொள், விறகைத் தொடாதே, கமிட்டிக்கு யார் பதில் சொல்வது, பூசாரிக்கு யார் பதில் சொல்வது, அம்மனுக்கு யார் பதில் சொல்வது என்று அத்தனை பேர் நடுவில் சத்தம் போட்டேன். பதினோரு வருஷமாகச் சாவியைக் கட்டிக்கொண்டு திரிந்ததில் அந்த அறைக்கு நானே சொந்தக்காரன் என்கிற நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது. டோ மியா யீக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் என் முகம் புரிந்தது, வேண்டாம் அமா என்று உன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உன் அம்மாவை அக்கா முறை வைத்து அமா என்றுதானே கூப்பிடுவாள்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கட்டைகளில் ஒன்று உன் அம்மாவுடையது. ராம் ஏழாம் மாதமே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்திரண்டு நாள் கிடந்தானே, பாஸ்போர்ட் கிடைக்காமல் அவள் இங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளே, அப்போது வேண்டிக்கொண்டாள், பிள்ளை பிழைத்து மூச்சு விட்டால் பூ மிதிக்கிறேன் என்று. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கட்டையை வண்டியில் வைக்கச் சொன்னேன், கேட்காமல் படகுத்துறையிலிருந்து தலையிலேயே சுமந்து வந்தாள். அப்படிப்பட்டவள்தான் அன்றைக்கு என் முன்னால் நின்றுகொண்டு, என் கட்டையை முதலில் எடுங்கள் என்றாள். குரல்கூட உயரவில்லை. அம்மன் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்வாள், அந்த நெல் ஒரு நாள் பொறுக்காது, பக்கத்து வீட்டுக்காரியை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு எந்த முகத்தோடு நான் நெருப்பில் இறங்குவது, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டாள். சாவியை அவிழ்க்க அவசரமாக இழுத்ததில் முடிச்சு இறுகிக்கொண்டது, கடைசியில் நைங் லின்தான் கத்தியால் கயிற்றை அறுத்தான்.

கோயில் கமிட்டித் தலைவர் உதயசூரியன் செய்தி கேட்டுக் குடையும் இல்லாமல் ஓடி வந்தார், வரும்போதே யாரடா கட்டையைத் தொட்டது என்று கத்திக்கொண்டு. உன் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, எரிகிறது என் கட்டை, ராமுக்காக வைத்தது என்றாள். அவர் சட்டையைக் கழற்றித் தூணில் மாட்டிவிட்டு, என் மருமகள் வைத்த கட்டை மூலையில் இருக்கிறது, அடுத்து அதை எடுங்கள் என்று சொல்லி அவரே உள்ளே போய்த் தூக்கி வந்தார். அதோடு பேச்சு முடிந்தது, ஒவ்வொரு வேண்டுதல்காரராக வந்து தங்கள் கட்டையைத் தாங்களே எடுத்துக் கொடுத்தார்கள்.

மூன்று நாள் மஞ்சுளா, மூன்று நாள். அன்னதானத்து அண்டா நான்கும் ஓயவில்லை. முதல் அண்டாவை என்னிடம் விட்டார்கள், நான் ரோஷத்தில் தீயை அள்ளிப் போட்டுத் தண்ணீரையும் கூட ஊற்றி நெல்லைக் கஞ்சியாக்கிவிட்டேன். அது வாத்துக்குப் போனது, என்னையும் விறகு பிளக்க அனுப்பிவிட்டார்கள். உமி வாய் பிளக்கிற பதத்தில் இறக்க வேண்டும், அதை உன் அம்மா ஆவியை மோந்தே சொல்லிவிடுகிறாள். ஆற்ற இடம் வேண்டுமே, மீரா முகைதீன் கல்யாணத்துக்கு வைத்திருந்த தார்ப்பாய் அத்தனையும் கொண்டு வந்தார், புத்த மடத்துப் பெரியவர் தன் மண்டபத்தைத் திறந்துவிட்டார். தெருவில் இருந்த எல்லோரும் முறை வைத்துக் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடந்தோம். பர்மாக்காரப் பெண்கள் அந்த வாடைக்கு முதலில் கைலி முனையால் மூக்கை மூடிக்கொண்டார்கள், இரண்டாம் நாள் அவர்களே உன் அம்மாவிடம் பதம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் பர்மிய மொழியில் அதிகாரம் செய்ததைப் பார்க்க வேண்டுமே, உதயசூரியனையே இரண்டு தடவை திட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வெயில் வந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், உன் அம்மா மட்டும் நெல்லைப் பரப்பச் சொல்லிக் கத்தினாள்.

மில்லில் குத்திப் பார்த்தபோது அரிசி கொஞ்சம் பழுப்புதான், ஆனால் உடையவில்லை. ரங்கூனில் புழுங்கல் சாப்பிடுகிற நம்மவர்களுக்கு என்று ஒரு வியாபாரி வந்து முக்கால்வாசியை எடுத்துக்கொண்டார். மீதியை டோ மியா யீ சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டாள், அதில் ஒரு வீசைதான் உனக்கு வருவது. நனைந்த எருமை மாதிரி மணக்கிறது என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டாள், நான் என் கண்ணால் பார்த்தேன். இப்போது நைங் லின் விற்ற பணத்தில் விதைநெல் வாங்கி நாற்றங்காலுக்கு வயலைச் சேறடிக்கிறான். லைங் தாயா பேச்சையே காணோம்.

இன்னொன்று கேள். தண்ணீர் வடிந்து நாலைந்து நாள் ஆனதும் டோ மியா யீயும் அந்த மூன்று வீட்டுக்காரர்களும் கோயிலுக்கு ஊர்வலம் மாதிரி வந்தார்கள், தலையில் புளியங்கட்டை. எங்கே தேடி எப்படிக் காயவைத்தார்களோ. நம் கட்டையில் மஞ்சள் நிறத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள், அது தனக்கா மரப்பட்டைப் பூச்சு என்று நினைத்துக்கொண்டு பெண்கள் எல்லாம் காலையிலிருந்து கல்லில் அரைத்து, தங்கள் கன்னத்தில் பூசுகிற மாதிரியே ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு பக்கமும் வட்டமாகப் பூசிக் கொண்டு வந்திருந்தார்கள். பூசாரி வாயைத் திறந்தவர் மூடவில்லை. உன் அம்மா சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், சாமான் அறை என் பொறுப்பு அல்லவா. நான் கதவைத் திறந்துவிட்டேன்.

வைகாசி முதல் வெள்ளிக்கிழமை தீமிதி நடந்தது. உன் அம்மா மூன்றாவதாக இறங்கினாள். பால்குழிப் பக்கத்தில் டோ மியா யீ மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். இடது குதிகாலில் சின்னதாக ஒரு கொப்புளம், அது செருப்புக் கடி என்று சாதிக்கிறாள், நீயும் நம்பினதாகவே இருந்துகொள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவளை நான் ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை, குழம்பில் உப்பு சரியாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவேன், அவ்வளவுதான். அன்றைக்கு அத்தனை கூட்டத்தில் அது என் வீட்டுக்காரி என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னேன். அவன் நம் தெருக்காரன், எனக்குத் தெரியாதா என்றான். தெரிந்தால் என்ன, இன்னொரு தடவை கேள் என்றேன்.

வேறு விசேஷம் இல்லை. கூரைத் தகடு இரண்டு மாற்ற வேண்டும், மழை இறங்குவதற்குள் மாற்றிவிடுவேன். ராமுக்குச் சளி பிடித்தால் நீயாக மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்காதே, குறைமாதப் பிள்ளை, டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளை இரவு வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார் என்று எழுதியிருந்தாய், மழை நாளில் பஸ்ஸில் போகச் சொல். மீரா முகைதீனுக்கு ஒரு வேளை சோறு போட்டு அனுப்பு, அந்தத் தார்ப்பாயில் பாதி இனிக் கல்யாணத்துக்கு ஆகாது, அதைப் பற்றி அவர் மூச்சுகூட விடவில்லை. பிள்ளைக்கு வீட்டில் தமிழில் பேசு, இங்கே நம் பிள்ளைகளுக்குப் பர்மியம்தான் வாயில் வருகிறது, அங்கேயாவது அவன் பேசட்டும். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, நெல்லுக்கும் சொல்லுக்கும் குறைவில்லாமல் வாழ வேண்டும் என்று அம்மன் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறோம்.

உன் அம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதால் எழுதினதை வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். தன் வேண்டுதலை நான் வெளியே சொன்னதற்குத் திட்டப் போகிறாள் என்று பயந்துகொண்டே வாசித்தேன். அதை விட்டுவிட்டாள். விறகைத் தொடாதே என்று நீங்கள் சொன்ன இடத்தை அடித்துவிடுங்கள், பிள்ளை தன் அப்பாவை அப்படி நினைக்க வேண்டாம் என்றாள். சரி என்று தலையாட்டினேன். அடிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சொ. அய்யாசாமி
(பக்கத்தில் உன் அம்மா மீனம்மாள்)